கணக்கு நோட்டின் ஓரத்தில்: பெண்களின் அந்தரங்க எழுத்தையும் குடும்ப நினைவையும் கதையாக்குவது எப்படி

ஒரு பெண் தனக்காக மட்டும் எழுதி வைத்த நாட்குறிப்போ, அனுப்பாமல் மடித்து வைத்த கடிதமோ கதைக்குள் வரும்போது அதற்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான் தரப்படுகிறது. அலமாரியைத் திறந்தால் நோட்டு கிடைக்கிறது, நோட்டைத் திறந்தால் ரகசியம் கிடைக்கிறது, அதுவரை குடும்பம் சொல்லிவந்ததெல்லாம் பொய் என்று முடிவாகிவிடுகிறது. எழுதுபவருக்கு இது வசதியான வழி; ஆனால் தனக்கென எழுதுகிறவள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதவள் என்பதை இந்த வழி மறந்துவிடுகிறது. குடும்பமும் தன் நினைவை ஒரு நோட்டைக் கண்டதும் விட்டுக்கொடுத்துவிடுவதில்லை. எழுத்தும் நினைவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும் இடத்தில்தான் கதை இருக்கிறது என்பது என் கருத்து. அந்தப் பொருந்தாமையை எப்படித் திட்டமிட்டுக் கட்டுவது என்பதையே இங்கே விவரிக்கிறேன்.

விளக்குவதற்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பாட்டி இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. “ஒரு வருஷம் அவர் தன் அக்காவைக் கவனித்துக்கொள்ள மூன்று மாதம் போயிருந்தார்” என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது பேத்தியின் கையில் பாட்டியின் வீட்டுக் கணக்கு நோட்டு கிடைத்திருக்கிறது.

முதலில் நோட்டு, பிறகுதான் சொற்கள்

நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யோசிப்பதற்கு முன்னால், அது என்ன மாதிரியான நோட்டு என்பதை முடிவு செய்யுங்கள். கோடு போட்ட பள்ளி நோட்டா, யாரோ பரிசாகக் கொடுத்த டைரியா, பயன்படுத்தி முடித்த ரசீதுகளின் பின்பக்கமா, பென்சிலா, மையா, எழுதியவள் மேசையில் உட்கார்ந்து எழுதினாளா, முழங்காலில் வைத்து எழுதினாளா என்பனவற்றையெல்லாம் தெரிந்துகொண்டால் வாக்கியத்தின் நீளம்கூடத் தானாகவே அமைந்துவிடும். வேலைகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் கிடைத்து எழுதுகிறவளின் நோட்டில் அரைப் பக்கத்துக்கு ஓடும் வாக்கியம் இருக்காது.

அடுத்ததாக, இந்த எழுத்து யாரிடமிருந்து மறைக்கப்பட்டது என்று கேளுங்கள். ‘அந்தரங்கம்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல நிலைகள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டு வங்கத்தில் வாழ்ந்த ராசசுந்தரி தேவி ஒரு நூலிலிருந்து எடுத்த ஏட்டைச் சமையலறையில் ஒளித்து வைத்துக்கொண்டு, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டார். அவர் மறைக்க வேண்டியிருந்தது கருத்தை அல்ல, தனக்கு எழுத்துத் தெரியும் என்பதையே. ஆங்கிலக் குழந்தைக் கதை எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர் பதின்ம வயதில் தொடங்கி 1897 வரை, தானே உருவாக்கிய குறியீட்டில் மிகச் சிறிய எழுத்துகளாக நாட்குறிப்பு எழுதினார். 1958இல் லெஸ்லி லிண்டர் என்பவர் அதில் தென்பட்ட ‘XVI’, ‘1793’ என்ற இரண்டு தடயங்களைப் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் மரண தண்டனையோடு பொருத்திப் பார்த்துத்தான் அந்தக் குறியீட்டை உடைத்தார். ரஷ்ய நாவலாசிரியர் தல்ஸ்தோய் வீட்டில் நிலைமை நேர்மாறானது. 1862இல் திருமணத்துக்கு முன்பே அவர் தன் நாட்குறிப்புகளை மணக்கவிருந்த சோபியாவிடம் படிக்கக் கொடுத்தார். பிற்காலத்தில் இருவருமே மற்றவர் படிக்கக்கூடும் என்று தெரிந்தே எழுதினார்கள். ‘அந்தரங்கம்’ என்ற பெயரில் மற்றவரிடம் பேசும் எழுத்து அது. உங்கள் பாத்திரம் இந்த மூன்றில் எதற்கு அருகில் நிற்கிறாள் என்று தெரியாமல் ஒரு வரிகூட எழுதத் தொடங்காதீர்கள்.

நாட்குறிப்பைவிடக் கணக்கு நோட்டையே நான் பரிந்துரைப்பேன். கணக்கு நோட்டை யாரும் திருடிப் படிப்பதில்லை. அதனாலேயே அது நல்ல மறைவிடம். அமெரிக்காவின் மெய்ன் பகுதியில் வாழ்ந்த மருத்துவச்சி மார்த்தா பல்லார்ட் 1785 முதல் 1812 வரை எழுதிய நாட்குறிப்பில் வானிலை, நெசவு, யார் வீட்டுக்குப் போனார், யார் பணம் கொடுத்தார் என்பனவே நிறைந்திருக்கின்றன. அவர் பார்த்த பிரசவங்களின் பதிவு மட்டும் 816. உணர்ச்சியைச் சொல்லும் சொற்கள் அதில் அரிதாகவே வருகின்றன. ஆனாலும் லாரல் தாட்சர் உல்ரிக் என்ற வரலாற்றாசிரியர் அந்தப் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, 1990இல் ஒரு முழு ஊரின் வாழ்க்கையையே நூலாக எழுதினார். அவர் செய்ததைத்தான் உங்கள் கதையின் வாசகரும் செய்ய வேண்டியிருக்கும். பொருத்திப் பார்ப்பதற்கான துண்டுகளை வைத்துவிட்டு விலகிக்கொள்வதே எழுதுபவரின் பொறுப்பு.

தனக்குத் தெரிந்ததை யாரும் தனக்கே சொல்வதில்லை

கதைகளில் வரும் நாட்குறிப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகின்றன. ஒரு முதல் வரைவில் இப்படி இருக்கலாம்: “இன்று என் கணவர் மறுபடியும் என்னிடம் கோபித்துக்கொண்டார். எங்களுக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். மனம் உடைந்து போயிருக்கிறேன்.” தனக்கு எத்தனை பிள்ளைகள் என்பதை எந்தத் தாயும் தன் நோட்டில் எழுதிவைப்பதில்லை. இங்கே பேசுவது அந்தப் பெண் அல்ல. வாசகருக்குத் தகவல் தரத் தவிக்கும் எழுத்தாளர். அதே நாளை இப்படி எழுதிப் பார்க்கலாம்: “சோப்பு இரண்டு. மண்ணெண்ணெய் நாளை வரைக்கும் வரும். மத்தியானமே வந்துவிட்டார். பேச்சு இல்லை. சின்னவள் வாசலிலேயே தூங்கிவிட்டாள்.” கோபம் என்ற சொல்லே இதில் இல்லை, குழந்தை உள்ளே வர அஞ்சி வாசலில் தூங்கியதை வாசகர் தாமே கண்டுகொள்வார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனி வசதி உண்டு. நம் வினைமுற்றே திணையையும் பாலையும் மரியாதையையும் சுமந்து வருவதால், யாரைப் பற்றிய பேச்சு என்று பெயர் சொல்லாமலேயே ஒரு நோட்டு முழுவதையும் எழுதிவிடலாம். ‘வந்தார்’ என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தவள் ஒரே ஒரு நாள் ‘வந்தான்’ என்று எழுதிவிட்டு, மறுநாள் மீண்டும் ‘வந்தார்’ என்றே தொடர்ந்தால், அந்த ஒரு விகுதியில் ஒரு அத்தியாயம் அடங்கியிருக்கிறது. அந்த இடத்தைக் கதைசொல்லி சுட்டிக்காட்டக் கூடாது. கவனிக்கிற வாசகர் கவனிக்கட்டும், கவனிக்காதவருக்கு அடுத்த வாய்ப்பு கிடைக்கும். அதேபோல் மகளைக் குறிக்க ‘அவள்’, ‘சின்னவள்’, ‘அது’ என்று மூன்று விதமாக எழுதுகிறவள் எந்த மனநிலையில் எதைப் பயன்படுத்துகிறாள் என்பதை உங்களுக்கு மட்டும் தெரிந்த விதியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பிழைகளை அளவோடு சேருங்கள். பள்ளிப் படிப்பு குறைவாக இருந்தவள் என்று காட்டுவதற்காக ர, ற குழப்பத்தையும் ல, ள, ழ குழப்பத்தையும் வரிக்கு இரண்டாகத் தூவினால் படிப்பவர் களைத்துப்போவார். அதைவிட மோசமாக, அந்தப் பெண் கேலிப் பொருளாகிவிடுவாள். அவள் எப்போதும் தவறாகவே எழுதும் சொல் ஒன்றோ இரண்டோ போதும். அந்தச் சொல் பின்னால் இன்னொருவர் கையெழுத்தில் அதே பிழையோடு வருமானால், யார் யாருக்கு எழுதக் கற்றுக் கொடுத்தார் என்பதும் தெரிந்துவிடும்.

இல்லாத பக்கங்கள்

எழுதப்படாத நாட்களுக்கும் காரணம் வைத்திருங்கள். கதைக்குள் வரப்போகும் ஆண்டுகளுக்கு ஒரு நாட்காட்டியைப் போட்டு, எந்த நாட்களில் பதிவு உண்டு, எந்த நாட்களில் இல்லை, எந்தப் பக்கம் கிழிக்கப்பட்டது, எது அடித்து எழுதப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரசவம், நோய், பயணம், பேனா தீர்ந்தது, எழுத மனமில்லாதது, எழுதினால் ஆபத்து என்ற ஒவ்வொன்றும் வேறு வேறு விதமான வெற்றிடத்தை உண்டாக்கும். நோய்க்குப் பிறகு எழுத்து தடுமாறும். பயணம் முடிந்ததும் விட்டுப்போன கணக்குகள் ஒரே மையில் மொத்தமாக வரும். பயத்தினால் எழுதாமல் விட்ட நாட்களுக்குப் பிறகோ, ஒன்றுமே நடக்காதது போல அன்றாடக் கணக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் ஒழுங்கோடு தொடரும்.

நம் கற்பனைக் குடும்பத்தில் பாட்டி வீட்டில் இல்லாத மூன்று மாதங்களுக்கு நோட்டு வெறுமையாக இருக்கும் என்றுதான் பேத்தி எதிர்பார்க்கிறாள். ஆனால் கணக்கு ஒரு நாள்கூட விடுபடாமல் தொடர்கிறது, கையெழுத்துதான் வேறு. பெரிய, வட்டமான, கோட்டுக்கு வெளியே வழியும் குழந்தைக் கையெழுத்து. பாட்டியின் மூத்த மகளுக்கு, அதாவது பேத்தியின் பெரியம்மாவுக்கு, அப்போது பன்னிரண்டு வயது. “எனக்கு அந்த வருஷம் எதுவுமே ஞாபகம் இல்லை, நான் சின்னப் பிள்ளை” என்று வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தவர் அவர். பாட்டி எங்கே போனார் என்ற கேள்வியோடு நோட்டைத் திறந்த பேத்திக்கு, நோட்டு வேறொரு கேள்வியைக் கொடுத்துவிடுகிறது.

குடும்பம் நினைவுகூரும் விதம்

குடும்ப நினைவை ஒரே குரலாக எழுதுவது பெரிய பிழை. எழுதத் தொடங்கும் முன்பே ஒரு வயதுப் பட்டியல் தயாரியுங்கள்: நிகழ்வு நடந்தபோது ஒவ்வொருவருக்கும் என்ன வயது, யார் எந்த அறையில் இருந்தார், யார் வீட்டிலேயே இல்லை, யாருக்குப் பிறகு சொல்லப்பட்டது. மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்வுகள் வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. ஆகவே இரண்டு வயதில் நடந்ததைக் கண்முன் காண்பது போலச் சொல்லும் சித்தப்பா பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை; அவர் கேட்டுக் கேட்டுத் தன்னுடையதாக்கிக்கொண்ட காட்சி அது. அப்படி ஒருவரைக் கதையில் வைத்தால், அவர் பயன்படுத்தும் சொற்கள் வேறு யாருடைய சொற்கள் என்பதை வாசகர் உணரும்படி இன்னொரு பாத்திரத்தின் வாயில் அதே சொற்களை முன்கூட்டியே வைத்துவிடுங்கள்.

திரும்பத் திரும்பச் சொல்லப்படும் குடும்பக் கதைக்கு ஒரு மாறாத வாய்பாடு இருக்கும். “தன் அக்காவைக் கவனித்துக்கொள்ள” என்ற சொற்கள் எல்லோர் வாயிலும் அட்சரம் பிசகாமல் வருகின்றன என்றால், அது நினைவு அல்ல, ஒப்பந்தம். உண்மையான நினைவுகள் ஒன்றோடொன்று முரண்படும். ஒருவருக்கு அன்று மழை, இன்னொருவருக்கு வெயில். முரண்பாடே இல்லாத இடத்தில்தான் சந்தேகம் தோன்ற வேண்டும். இதைப் பேத்தி கண்டுபிடிப்பதற்கு முன் வாசகர் கண்டுபிடிக்கும்படி உரையாடல்களை அமைப்பது நல்லது.

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வர்த் வீட்டில் நடந்தது இதற்குப் பொருத்தமான பாடம். 1802 ஏப்ரல் 15 அன்று ஏரிக்கரையில் கண்ட டாஃபடில் மலர்களைப் பற்றி அவருடைய தங்கை டோரதி தன் நாட்குறிப்பில் விரிவாக எழுதினார். இருவரும் சேர்ந்தே நடந்து போனதால் ‘நாங்கள்’ என்றே எழுதினார். 1804 வாக்கில் எழுதி 1807இல் அண்ணன் வெளியிட்ட கவிதையில் அதே மலர்கள் வருகின்றன, தங்கை வரவில்லை. தனியாக அலைந்த ஒருவனின் அனுபவமாக அது மாறிவிட்டது. அந்தக் கவிதையின் மிகச் சிறந்த இரண்டு அடிகளைத் தந்தவர் தன் மனைவி மேரி என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். இதில் திருட்டு என்று எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் மூவர் சேர்ந்து உண்டாக்கிய நினைவு எப்படி ஒருவர் பெயரில் நிலைத்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. உங்கள் கதையில் ‘நாங்கள்’ எந்த இடத்தில் ‘நான்’ ஆகிறது என்று தேடிப் பாருங்கள்.

எழுத்தைக் காட்டினால் நினைவு தோற்றுவிடும் என்று நம்புவதும் தவறு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையில், அந்தச் செய்தியை எப்படி அறிந்தார்கள் என்று உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுகள் கழித்து அதே கேள்வியை மீண்டும் கேட்டபோது பலருடைய விவரம் முற்றிலும் மாறியிருந்தது. ஆனாலும் அவர்கள் உறுதியாகவே சொன்னார்கள். அவர்கள் கைப்பட எழுதிய பழைய தாளைக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை. தன் கையெழுத்தே எதிரே சாட்சியாக இருந்தபோதும் புதிய நினைவையே பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஆகவே பெரியம்மாவிடம் பேத்தி நோட்டைக் காட்டும் காட்சியில், அவர் உடைந்து அழுது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார் என்று எழுதுவது மலிவு என்பதோடு மனித இயல்புக்கும் பொருந்தாது. “என் எழுத்து மாதிரிதான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கட்டும். அதற்கு மேல் போகாதீர்கள்.

யார் கை வழியாக வந்தது?

ஒரு நோட்டு ஐம்பது ஆண்டுகள் தானாகப் பிழைத்திருப்பதில்லை. யாரோ அதைக் காப்பாற்றியிருக்கிறார், அல்லது எரிக்க மறந்திருக்கிறார். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டனின் கடிதங்களில் பெரும்பகுதியை எரித்தவர் அவருடைய அக்கா கசாண்ட்ராதான். எஞ்சியவை சுமார் 160 மட்டுமே. எரித்தவர் எதிரி அல்ல, மிக நெருங்கியவர் என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 1944 மார்ச்சில், போருக்குப் பிறகு நாட்குறிப்புகளும் கடிதங்களும் திரட்டப்படும் என்று வானொலியில் கேட்டபின், தன் நாட்குறிப்பைத் தானே திருத்தி எழுதத் தொடங்கினார். அவர் இறந்தபின் இரண்டு வடிவங்களையும் சேர்த்து 1947இல் வெளிவரச் செய்த தந்தை, தாயைப் பற்றிய கடுமையான சில பகுதிகளை விட்டுவிட்டார். அந்தரங்க எழுத்து என்பது எழுதியவள், அவளே வாசகருக்காக மாறிய இரண்டாம் எழுத்தாளர், காப்பாற்றியவர், வெட்டியவர் என்று பலர் கைபட்டுத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. உங்கள் கதையில் நோட்டு இருந்த இடங்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒரு ஆளும் ஒரு காரணமும் இருக்கட்டும். நம் கதையில் நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தவர் பெரியம்மாவாகவே இருக்கட்டும். எதுவும் ஞாபகமில்லை என்பவர் ஏன் அதைத் தூக்கி எறியவில்லை என்பதை எவரும் கேட்க வேண்டியதில்லை.

எங்கே, எவ்வளவு

ஒரு நேரத்தில் அரைப் பக்கத்துக்கு மேல் நோட்டிலிருந்து எடுத்துத் தராதீர்கள். முதலில் குடும்பம் சொல்லும் கதை வரட்டும். வாசகர் அதை நம்பட்டும், முடிந்தால் விரும்பட்டும். அதன் பிறகு நோட்டின் ஒரு துண்டு. பிறகு மீண்டும் குடும்பக் கதை, இம்முறை ஒரு சொல் மாறி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி நோட்டை முதலில் வைத்தால், வயதானவர்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் வாசகர் அவர்களைப் பொய்யராகவே பார்ப்பார். அதன்பின் அவர்கள் மீது பரிவு பிறப்பது கடினம்.

வாசிக்கிறவளும் ஒரு பாத்திரம்தான். அவள் எந்த நேரத்தில், யாருக்குத் தெரியாமல், எந்த வேலையை நிறுத்திவிட்டுப் படிக்கிறாள், எந்தப் பக்கத்தை இரண்டு முறை படிக்கிறாள், எந்த வரியை வேண்டுமென்றே தவறாகப் புரிந்துகொள்கிறாள் என்பதில் அவளுடைய தேவை வெளிப்படும். பாட்டியைத் தியாகியாகவோ கலகக்காரியாகவோ காண விரும்புகிறவள் அதற்கேற்ற வரிகளைத்தான் முதலில் காண்பாள். சோப்புக் கணக்கையும் அவள் படித்தாக வேண்டிய நிலைக்குத் தள்ளுங்கள்.

அச்சமைப்பைப் பற்றி ஒரு சிறு விஷயம்: நோட்டுப் பகுதிகளைச் சாய்வெழுத்தில் போடும் வழக்கத்தைத் தமிழில் தவிர்க்கலாம். நம் எழுத்துருக்கள் சாய்த்தால் அழகாக நிற்பதில்லை, நீளமாக வாசிக்கவும் கண் வலிக்கும். இடப்பக்கம் சற்று உள்ளே தள்ளி, முன்னும் பின்னும் ஒரு வரி இடம் விட்டால் போதும்.

உண்மையான நோட்டைப் பயன்படுத்துவதாக இருந்தால் முதல் வேலை, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைப்பது. கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், குண்டூசி குத்தாதீர்கள், குறிப்பு எழுதியாக வேண்டுமென்றால் தனித்தாளில் பென்சிலால் எழுதுங்கள். தாள் உங்கள் கையில் இருப்பதால் மட்டும் அதில் உள்ள வாசகத்தை அச்சிடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. பல நாடுகளின் சட்டப்படி அது எழுதியவருக்கும் அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் உரியது. சட்டம் ஒருபுறம் இருக்க, உயிரோடு இருக்கிற ஒருவரின் பன்னிரண்டாம் வயதை அவரைக் கேட்காமல் அச்சேற்றுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நோட்டிலிருந்து அதன் நடையையும் அதன் மௌனங்கள் விழும் இடத்தையும் எடுத்துக்கொண்டு, நிகழ்வுகளையும் சொற்களையும் புதிதாக உண்டாக்குவதே பாதுகாப்பானது. கதைக்கும் அதுவே நல்லது.

வரைவு முடிந்ததும் நோட்டுப் பகுதிகளை மட்டும் தனியே எடுத்து, தேதி வரிசையில் தொடர்ச்சியாக வாசியுங்கள். அவை தாமாகவே ஒரு கதையைச் சொல்லி முடித்துவிட்டால், எழுதியவளிடமிருந்து தேவைக்கு அதிகமாகவே பேச்சை வாங்கிவிட்டீர்கள் என்று பொருள். தயங்காமல் பாதியை வெட்டலாம். பாட்டி அந்த மூன்று மாதம் எங்கே போனார் என்பதை நான் எழுதினால் நோட்டில் சொல்ல மாட்டேன். பெரியம்மாவையும் சொல்ல வைக்க மாட்டேன். பாட்டி திரும்பி வந்த நாளில், அவருடைய பழைய சிறிய கையெழுத்தில், இவ்வளவு மட்டும் இருக்கும்: “பெரியவள் போட்ட கணக்கைப் பார்த்தேன். மூன்று இடத்தில் தப்பு. திருத்தவில்லை.”